கண்ணுக்கு ஒரு கவிதை

கதை இல்லை, நடிகர் இல்லை, பேச்சும் இல்லை. இப்படியும் ஒரு சினிமா உண்டா என்று நேயர்கள் வியக்கலாம். அத்தகைய படம் ஒன்றை அண்மையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சங்கீதம் முழங்க, வட்டங்களும் சதுரங்களும் பல வர்ணங்களில் தோன்றிப் பெருகி மறைந்தன. முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "ஸார், இதற்கு என்ன அர்த்தம்?" என்றான். நியாயமான கேள்விதான்.

அதை ஆக்கியவர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். ஜெர்மனியில் 1900-ம் ஆண்டில் பிறந்தவர். உருவமற்ற ஓவியத்தை இழிந்த கலை என்று ஹிட்லர் ஆட்சி தூற்றிய நாளில், 1936-ல், அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே 1938-ல் 'ஆன் ஆப்டிகல் போயம்' என்ற இப்படத்தை, லிஸ்ட் என்னும் மேதையின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்ஸொடிக்கு இசைய எடுத்தார். வர்ணக் காகிதத்தை வெட்டி, மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, அணுவணுவாக நகர்த்திப் படம் பிடித்தார். திரையில் ஒரு நிமிஷத்துக்கு 1,440 படங்கள் ஓடுகின்றன என்றால், அவர் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம்!

பின்னர் வால்ட் டிஸ்னியின் 'ஃபான்டேஸியா'வில் பாக் இயற்றிய இசைக்குச் சித்திரம் அமைக்கும் பணி கிட்டியது. ஆனால் அவருடைய வெறும் வடிவங்களை, பார்ப்பவர் இன்னதென்று அடையாளம் காணும்படி பிறர் மாற்றினார்கள். மனம் நொந்த ஃபிஷிங்கர் 1939-ல் விலகிக்கொண்டார். பிழைப்பைக் காட்டிலும் தம் கலையே அவருக்குப் பெரிதாயிற்று.

அவர் தோற்றுவிடவில்லை. 1947-ல் 'மோஷன் பெயிண்டிங்' வந்தது. கண்ணாடி போன்ற பலகையில் எண்ணெய் வர்ணத்தால் ஒவ்வொரு தீற்றலாகத் தீட்டித் தீட்டி, அது வளர்வதையே படமாக்கினார். உடன் ஒலிப்பது பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்டோ. இதில் சித்திரம் தாளத்துக்குத் தாளம் துள்ளுவதில்லை. சங்கீதம் தன் வழியே போக, சுருள்கள் தம் வழியே விரிகின்றன. ஆயினும் இரண்டும் ஒரே உள்ளத்தின் நடையாகத் தோன்றுகின்றன. 1949-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ராக ஆலாபனை கேட்கிறாயே, அதற்கு என்ன அர்த்தம்?"

சற்றுநேரம் யோசித்தான். பிறகு மெதுவாக, "இன்னொரு தரம் போடுங்கள், ஸார்!" என்றான்.