பின்வரிசை உறுப்பினரின் கணக்கை வாசிப்பது எப்படி?



எல்.இளையபெருமாள் அவர்களின் நினைவில் பேசக் கூடியிருக்கிறோம். அவர் அமைச்சராக இருந்ததில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து புறப்பட்டு, 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். ஒரே தொகுதியில் பொது உறுப்பினர் ஒருவர், தாழ்த்தப்பட்டோர் உறுப்பினர் ஒருவர் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த காலம் அது. தொடர்ந்து மூன்று முறை மக்களவையில் அமர்ந்தார். ஆளுங்கட்சியின் பின்வரிசையே அவருடைய இடம்.

அப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்தார் என்பதை எதை வைத்து அளப்பது? இன்றும் தேர்தல் நெருங்கினால் ஊடகங்களில் ஒரு பட்டியல் வருகிறது. நம் தொகுதி உறுப்பினர் இத்தனை சதவீத நாள் வந்தார், இத்தனை கேள்வி கேட்டார், இத்தனை விவாதத்தில் பேசினார் என்று எண்கள் அச்சாகின்றன. அதைப் படித்துவிட்டு 'தனித்தொகுதி உறுப்பினர்கள் வாய் திறப்பதில்லை' என்று நாமும் சொல்லிவிடுகிறோம். சில நேரம் அது உண்மை. ஆனால் எந்தக் கதவு அவருக்குத் திறந்திருந்தது, எது அடைத்திருந்தது என்று தெரியாமல் சொல்லும் தீர்ப்பு அரைத் தீர்ப்புதான். ஆகவே அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பத்தியையும் எப்படி வாசிக்க வேண்டும் என்பதை இன்று பேசுவோம்.

வருகை

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் அன்று வந்ததாகக் கணக்கு. காலையில் கையெழுத்திட்டுவிட்டு வெளியேறியவரும், இரவுவரை இருந்து ஒரு திருத்தத்துக்காகப் போராடியவரும் அந்தப் பத்தியில் ஒன்றுதான். அமைச்சர்கள் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதால் அவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். தொடர்ந்து வராதவரைக் கண்டுபிடிக்க இந்த எண் உதவும். வந்தவர் உழைத்தாரா என்று அது சொல்லாது.

கேள்வி

பின்வரிசை உறுப்பினரின் கையில் இருக்கும் கூர்மையான கருவி கேள்விதான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாத கேள்விகள் 230 வரை பட்டியலாகின்றன. வரும் அறிவிப்புகள் இதைவிட அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் வரிசை முடிவாகிறது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எழுத்தில் வரும் பதிலைச் சிறிதாக நினைக்க வேண்டாம். அரசு தன் கையால் எழுதித் தந்த சாட்சியம் அது. நீதிமன்றத்திலும் போராட்ட மேடையிலும் அதை எடுத்து வைக்கலாம்.

ஆனால் கேள்வியின் எண்ணிக்கையைவிட அதிலுள்ள சொல் முக்கியம். 2021 சூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர்கள் பற்றிக் கேட்கப்பட்டது. அப்படி எந்த மரணமும் பதிவாகவில்லை என்றது அரசு. நாடு கொதித்தது. அதே அமைச்சகம் கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் இறங்கி இறந்தவர்களின் எண்ணிக்கையை வேறு பதில்களில் மாநில வாரியாகத் தந்துகொண்டுதான் இருந்தது. சூட்சுமம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. உலர் கழிப்பிடத்தில் மலம் அள்ளுவது ஒரு வரையறை. சாக்கடையையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்வது இன்னொரு வரையறை. முதல் சொல்லைக் கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். இரண்டாவது சொல்லைக் கேட்டால் பிணங்களின் கணக்கு வரும். செத்தவர்கள் நம் மக்கள்தான், இரண்டு பதில்களிலும்.

ஆகவே உறுப்பினர் 300 கேள்வி கேட்டார் என்பதில் மயங்கவும் வேண்டாம், 30தான் கேட்டார் என்று இகழவும் வேண்டாம். கேள்விகளை எடுத்துப் படிக்க வேண்டும். அரசு நழுவ முடியாதபடி கேட்டாரா? கிடைத்த பதிலை வைத்து அடுத்த கூட்டத்தொடரில் மேலே போனாரா? அதுதான் உழைப்பு.

தீர்மானம்

தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினர். அவருக்குப் பின்னால் கட்சியோ வாக்கு வங்கியோ இல்லை. 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடை கூடாது என்றது. அவை ஏற்றது. செப்டம்பரில் அரசாணை வந்தது. வாக்கு எண்ணிக்கையில் ஒற்றை ஆளாக இருந்தவர் அவையின் வாயால் ஒரு நெறியைச் சொல்ல வைத்தார்.

தீர்மானத்தின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. அது அவையின் கருத்து. மீறுகிறவனைத் தண்டிக்கும் பல் அதற்கு இல்லை. அரசாணை வந்த பிறகும் சேரி மக்கள் பல ஊர்களில் பொதுத்தெருவில் நடக்க முடியவில்லை. ஒருவரின் பதிவில் 'தீர்மானம் நிறைவேறியது' என்று கண்டால், அடுத்து ஆணை வந்ததா, தண்டனைப் பிரிவு வந்ததா என்று தொடர்ந்து தேட வேண்டும்.

தனிநபர் மசோதா

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவைத் தனிநபர் மசோதா என்கிறோம். நாடாளுமன்றத்தில் இதற்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கப்படுகிறது. விடுதலைக்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். 2015 ஏப்ரலில் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியபோது, பல பத்தாண்டுகளில் ஓர் அவை அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆகவே 'அவர் கொண்டுவந்த மசோதா எதுவும் நிறைவேறவில்லை' என்பது ஒருவர்மீதான குற்றச்சாட்டு ஆகாது. தோற்கும் என்று தெரிந்தே மசோதா கொண்டுவருவது ஓர் அரசியல் செயல். எதிர்ப்பவர்களைப் பெயர் சொல்லி எதிர்க்க வைப்பது அது.

பெருந்தலைவர் எம்.சி.ராஜா 1938இல் செய்தது இதைத்தான். சென்னைச் சட்டமன்றத்தில் அந்த ஆண்டு அவர் கையில் இரண்டு மசோதாக்கள் இருந்தன. குடிமைத் தடைகளை நீக்கும் மசோதாவுக்கு இராஜாஜி அரசு துணை நின்றது, அது சட்டமானது. ஆலய நுழைவு மசோதாவை மட்டும் திரும்பப் பெறச் சொன்னது. ராஜா காந்தியாரிடம் முறையிட்டார். இராஜாஜியை நம்புங்கள் என்ற அறிவுரையே கிடைத்தது. ராஜா பின்வாங்காமல் மசோதாவை அவையின் முன் வைத்தார், பெரும் வித்தியாசத்தில் தோற்றார்.

1932இல் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தவர் இதே ராஜாதான். பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்துக்கு 30 தனி இடங்கள் கிடைத்தன. 1937 தேர்தலில் அவற்றில் பெரும்பாலானவற்றில் காங்கிரசார் வென்றார்கள். கோயில் கதவு யாருக்கு அடைத்திருந்ததோ அவர்களுடைய பிரதிநிதிகள் அவைக்குள் கட்சிக் கட்டுப்பாட்டில் அமர்ந்திருந்தார்கள். தனித்தொகுதி நம்மை அவைக்குள் அனுப்புகிறது. உள்ளே போனபின் யாருடைய சொல்லுக்குக் கை தூக்குவது என்பது வேறு கேள்வி. அந்தத் தோல்வியின் பதிவு நமக்கு ஒரு பாடநூல்.

வாக்கு

மக்கள் நினைப்பதுபோல் ஒவ்வொரு மசோதாவிலும் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இல்லை. பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் முடிகின்றன. 'ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க' என்று தலைவர் கேட்பார், முடிவைச் சொல்வார். யார் வாய் அசைந்தது என்று எந்த ஏட்டிலும் இருக்காது. முடிவை எதிர்த்து ஓர் உறுப்பினர் பிரித்தெண்ணக் கோரினால்தான் பெயர்கள் பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் அங்கே எண்ணித்தான் ஆக வேண்டும். நம் சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 122க்கு 11 என்று முடிந்தது. அப்படி எண்ணும் நாள்கள் அரிது.

பெயர் பதிவான வாக்கையும் நேராக வாசித்துவிட முடியாது. 1985இல் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், அனுமதியின்றி வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகும். ஆகவே வாக்குப் பதிவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கொறடாவின் கையெழுத்தை.

2019 சனவரி 8ஐ எடுத்துக்கொள்வோம். முன்னேறிய சாதிகளில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் 103ஆவது திருத்தம். அதன் வரையறையிலிருந்து பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் விலக்கப்பட்டிருந்தார்கள். மக்களவையில் ஆதரவு 323, எதிர்ப்பு 3. அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7. அங்கே தி.மு.க. எதிர்த்து வாக்களித்தது. மக்களவையில் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கும் 47 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. எதிர்த்த மூன்று வாக்குகளில் ஒன்றுகூடத் தனித்தொகுதியிலிருந்து வரவில்லை.

இதை எப்படி வாசிப்பது? 131 பேருக்கும் மனசாட்சி இல்லை என்று முடிப்பது எளிது. கொறடா இருந்தார், என்ன செய்வார்கள் என்று விட்டுவிடுவதும் எளிது. இரண்டும் போதாது. பத்தாவது அட்டவணை வாக்கைத்தான் கட்டுகிறது. விவாதத்தில் எழுந்து ஐயத்தைப் பதிவு செய்வதையோ, கட்சிக் கூட்டத்தில் வாதிடுவதையோ அது தண்டிப்பதில்லை. ஆகவே கேட்க வேண்டியது இது: வாக்கு கட்டப்பட்டிருந்த நாளில் நாக்கு என்ன செய்தது? அந்த நாளின் அவைக்குறிப்பை எடுத்து நம் உறுப்பினரின் பெயரைத் தேட வேண்டும். வராமல் இருந்தவரையும் கவனிக்க வேண்டும். வெளிநடப்பு, நோய், நழுவல் மூன்றும் வாக்குப் பட்டியலில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். பிரித்தறிய அன்றைய நாளிதழும் அவைக்குறிப்பும் வேண்டும்.

குழு

கொறடாவின் கை அதிகம் நீளாத இடம் குழு. நாடாளுமன்றக் குழுக்களில் உறுப்பினர் மாறுபட்ட குறிப்பை எழுதி இணைக்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலக் குழுவில் மக்களவையிலிருந்து 20, மாநிலங்களவையிலிருந்து 10 என 30 பேர் இருக்கிறார்கள். துறைச் செயலாளர்களை அழைத்து, நிரப்பாத இடங்களைக் குறித்துக் கணக்குக் கேட்கும் அதிகாரம் அதற்குண்டு. செய்தியாளர்கள் உள்ளே போக முடியாது என்பதால் அந்த உழைப்பு செய்தியாவதில்லை.

இளையபெருமாளின் கணக்கு உயர்ந்து நிற்பதும் ஒரு குழுவில்தான். அது நாடாளுமன்றக் குழு அல்ல, அரசு அமைத்தது. தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் பற்றியும் ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 1969இல் அறிக்கை வெளிவந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும், தகுந்த பயிற்சி பெற்ற எவரும் சாதி வேறுபாடின்றி அர்ச்சகர் ஆகலாம் என்று அது பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு 1970இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, மசோதாவின் நோக்க உரையிலேயே இந்தக் குழுவைச் சுட்டியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றது. ஆனால் நியமனத்தில் ஆகம மரபுக்கு இடம் வைத்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் வழக்குகள் இன்றும் நடக்கின்றன. பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களை அரசு நியமித்தது 2021 ஆகஸ்டில்.

இன்னொரு கிளையும் உண்டு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. சிறு அபராதத்தோடு குற்றவாளி வீட்டுக்குப் போக முடிந்தது. குழுவின் பரிந்துரைகளை அடியொற்றி அந்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, 1976 நவம்பர் 19 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஒரு மாதச் சிறை என்ற விதி அதன் வழி வந்தது.

அவருடைய வருகைச் சதவீதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? வாக்குப் பட்டியலில் இது தெரியுமா? தெரியாது. ஒரு பின்வரிசை உறுப்பினரின் எழுத்து, அவர் பதவியில் இல்லாத காலத்திலும் இரண்டு சட்டங்களுக்குள் நுழைந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் மக்களவைக்கு ஏழு தனித்தொகுதிகள் உண்டு: திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நீலகிரி, நாகப்பட்டினம், தென்காசி. சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. ஒரு தொகுதிக்கு ஒரு நோட்டு என்று தொடங்குங்கள். உறுப்பினரின் கேள்விகளை முழுச் சொற்களோடு எழுதுங்கள், அரசின் பதிலை அடியில் ஒட்டுங்கள். அவர் இருக்கும் குழுவின் பெயரைக் குறியுங்கள். நம்மைத் தொடும் மசோதா வந்த நாளில் பேசினாரா, வாக்களித்தாரா, வெளியே இருந்தாரா என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. கேள்வியை நாமே எழுதிக் கொடுக்கலாம். மக்களவையில் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விடுதியில் எத்தனை மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் மீட்கப்பட்டது, வன்கொடுமை வழக்கில் நிவாரணம் எத்தனை நாள் தாமதம் என்று களத்தில் இருப்பவருக்குத்தான் சரியான சொல் தெரியும். மாநிலத்தின் பொருள் என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், நடுவண் அரசின் பொருள் என்றால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். வாங்கியவர் கேட்டாரா என்பதும் நோட்டில் ஏறட்டும். கேட்டவருக்கு நன்றி சொல்வோம். கேட்காதவரிடம் அடுத்த தேர்தலில் அந்த நோட்டோடு போவோம்.

அண்ணல் பெற்றுத்தந்த வாக்குரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைப்பதோடு முடிவதில்லை. அனுப்பியவர் கணக்குக் கேட்டால்தான் உள்ளே போனவருக்குக் கொறடாவிடம் 'என் மக்கள் கேட்கிறார்கள்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

ஜெய்பீம்.