வீடு திரும்பும் துறவு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து, வாலாஜாபாத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கும் சுங்குவார்சத்திரம், சுற்றியுள்ள தொழிற்சாலைகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்ந்த இளைஞர்களின் ஊராகிவிட்டது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு, கண்டிக்கத் தகப்பனோ தடுக்க அண்ணனோ இல்லாத ஓர் அறையும், மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் வந்து விழும் சம்பளமும் ஒருசேரக் கிடைக்கும்போது, மதுவும் கைப்பேசிச் சூதும் தவணைக் கடனும் அவனைத் தேடி வருவதில் வியப்பில்லை. அவற்றில் அமிழ்ந்து மீண்டவர்கள் ஜெபக்கூட்டங்களில் எழுந்து நின்று சாட்சி சொல்வதும் உண்டு. பெரும்பாலான சாட்சிகள் “அன்றோடு குடியை விட்டேன்” என்ற இடத்தில் முடிந்துவிடுகின்றன. கிறிஸ்தவ போதனையில் விஷயம் அங்கேதான் ஆரம்பமாகிறது என்பது என் துணிபு.

இல்லறத்தை நீத்துக் காவி தரித்த இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் கூப்பிடு தூரத்தில் இருக்க, துறவு என்றால் என்னவென்று இப்பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இயேசு சொன்ன ஊதாரி மைந்தனின் கதையில், தகப்பன் உயிரோடிருக்கும்போதே பங்கைக் கேட்டு வாங்கித் தூரதேசம் போய், அனைத்தையும் போகத்தில் அழித்து, பஞ்சகாலத்தில் பன்றி மேய்த்துப் பசித்திருந்தவன், புத்தி தெளிந்ததும் காட்டுக்குப் போகவில்லை. தான் யாருடைய சொத்தைத் தின்றானோ அவருடைய வாசலுக்கே போகிறான். எரிகோவில் வரிவசூல் செய்து செல்வம் சேர்த்த சகேயுவின் வரலாறு இன்னும் தெளிவானது. மோசே வகுத்த சட்டப்படி, வஞ்சித்ததைத் தானே ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலத்தனை தண்டனை. சகேயுவோ, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு ஒதுக்கியபின், எவரையேனும் ஏய்த்திருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகத் தானே வலிந்து சொன்னான். அன்று அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு கூறியது இந்த வாக்குறுதிக்குப் பிறகுதான்.

மனமாற்றம் வாழ்க்கையில் தெரிய வேண்டும் என்ற இந்தப் போதனை தமிழகத்தில் இரத்தம் சிந்திய இடமும் உண்டு. 1647-இல் லிஸ்பனில் பிரபு குலத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்த ஜான் டி பிரிட்டோ, அந்தச் சுகங்களையெல்லாம் துறந்து 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். பின்னர் மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, மாமிசமும் மதுவும் நீக்கி, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் சீமையில் கால்நடையாகத் திரிந்தார். இடையில் தாயகம் சென்றபோது, மன்னராகிவிட்ட அதே பேதுரு அரண்மனையிலேயே இருக்கும்படி வேண்டியும் இணங்காமல், 1690-இல் திரும்பி வந்தார். நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம், பல மனைவியருள் ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். தேவர் இசைந்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் நெருங்கிய உறவினள், அவள் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டுண்டது. 1947-இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது.

அருளானந்தரின் வீரத்தை வணங்கும்போதே, அந்த மனைவியரை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. தேவருடைய போகத்துக்கும் அவர்கள் ஆளானார்கள். அவருடைய மனமாற்றத்தின் சுமையையும் அவர்களே சுமந்தார்கள். இளமையைச் சிற்றின்பத்தில் கழித்து, 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் மனம் திரும்பிய அகுஸ்தீனார் வரலாற்றிலும் இப்படி ஒருத்தி உண்டு. பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து மகனையும் பெற்றவளை, மதிப்பான இடத்தில் மணம் பேசுவதற்காக அவர் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். இனி வேறு ஆடவனை அறியேன் என்று அவள் விரதம் பூண்டு போனதை எழுதிய அகுஸ்தீனார், அவள் பெயரை எங்குமே எழுதவில்லை.

மனம் திரும்பியவர் தம்மால் துன்புற்றவர்களுக்குப் பட்டிருக்கும் இந்தக் கடனை முறையாகத் தீர்க்க ஒரு வழி வகுத்த பெருமை, 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைச் சேரும். இன்று எம்மதத்தையும் சாராத அந்த இயக்கம், கிறிஸ்தவப் பக்தி இயக்கம் ஒன்றின் மடியில் பிறந்தது. அதன் 12 படிகளில், தன்னால் துன்புற்ற அனைவரையும் பட்டியலிடுவது எட்டாவது. அவர்களுக்கு நேரில் ஈடுசெய்வது, அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ தீங்கு நேருமாயின் தவிர்ப்பது என்பது ஒன்பதாவது. சுங்குவார்சத்திரத்து நம் பையன் அப்படிப் பட்டியல் எழுத உட்கார்ந்தால், மூன்று மாதம் அவன் பங்கு வாடகையையும் சேர்த்துக் கட்டிய அறைத் தோழன், “சம்பளம் வந்ததும் தர்றேண்ணே” என்று சொல்லிக் கைமாற்று வாங்கிய லைன் சீனியர், ஊரில் தன் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பிய அம்மா என்று பட்டியல் வளரும். தோட்டுக்கு மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே அம்மாவின் பெயரைத்தான் அவன் முதலில் எழுத வேண்டும்.