வசந்த காலத்தில் ராணி ஈயின் குறைகளை அறிதல்

வேம்பும் புங்கும் பூத்து நிற்க, பக்கத்துப் பெட்டியில் தேன் நிறைந்திருக்க, தம் பெட்டியின் அடை மட்டும் வறண்டிருப்பதைக் கண்டு மனம் நொந்த அங்கத்தினர் பலர். பெட்டிக்காக வாங்கிய கடனின் தவணையோ அவர்களுக்காகக் காத்திராது. இத்தகைய நஷ்டத்திற்குப் பலமுறை ராணி ஈயே காரணமாகிறது. இன்று இடப்பட்ட முட்டை வேலைக்கார ஈயாக வெளிவர ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும். அவ்வீ வெளியே சென்று தேன் கொணர மேலும் இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். ஆகவே சித்திரையில் தேன் வேண்டுவோர் மாசியிலேயே ராணியைப் பற்றி விசாரித்துவிடல் வேண்டும்.

பெட்டியைத் திறந்தவுடன் ராணியைத் தேடுவது பலருடைய வழக்கம். அது வீண் வேலை. நம் நாட்டு அடுக்குத் தேனீ, கலவரமடைந்தால் கூட்டையே விட்டு ஓடிவிடும் இயல்புடையது. ராணி கண்ணில் படாவிடினும், அது இட்ட முட்டையைக் கண்டாற் போதும். நியூட்டன் பெட்டியின் நடுச் சட்டங்களுள் ஒன்றை மெதுவாக எடுத்து, வெயில் நம் முதுகுப்புறமிருந்து அறைக்குள் விழும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். அறையின் அடியில் வெண்ணூல் துண்டு போன்ற ஒற்றை முட்டை இருக்குமாயின், கடந்த 3 நாட்களுக்குள் ராணி அங்கே உலவியது நிச்சயம்.

மூடிய புழு அறைகள் இடைவெளியின்றிப் பரந்திருந்தால் ராணி நல்லது. அங்கங்கே சிதறியிருந்தால் அது கிழடாகியிருக்கலாம். ஆயினும் உடனே ராணியின்மேற் பழி சுமத்தலாகாது. தென்னாட்டில் 1991-ஆம் ஆண்டில் தோன்றிப் பல்லாயிரம் கூடுகளை அழித்த தாய் சாக்குப் புழு நோயிலும் அடை இவ்வாறே தோன்றும். ஆனால் அந்நோயில் புழு, நீர் நிறைந்த பை போலாகி அறைக்குள் மடிந்து கிடக்கும்.

வேலைக்கார ஈக்குரிய சிறிய அறைகளின் மூடிகள் புடைத்து, நடுவில் ஊசித் துளையுடன் காணப்பட்டால் அவற்றினுள் வளர்வன ஆண் ஈக்களே. இங்கே முட்டைகளைக் கவனிக்க. அறைக்கு ஒன்றாக, ஒழுங்காக அடியில் இருந்தால், ஆண் வித்துத் தீர்ந்துபோன ராணி அல்லது புணர்ச்சி பெறாத ராணி உள்ளது என்று கொள்க. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால், ராணி இறந்து வேலைக்கார ஈக்களே முட்டையிடுகின்றன.

முட்டையே இல்லாவிடின் என் செய்வது? ராணி இல்லை என்று ஆத்திரப்பட்டு வேறொன்றை விடுவோர் அநேகர். உள்ளே கன்னி ராணி இருந்தால் புதியது கொல்லப்படும், பணமும் போய்விடும். கன்னி ராணி முட்டையிடத் தொடங்க இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். சந்தேகம் தீர எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. நோயற்ற வேறு கூட்டிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை, அக்கூட்டின் ராணி அதில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இங்கே வைக்கவும். ராணி இல்லையெனில் இரண்டு மூன்று நாட்களில் ஈக்கள் அடையின் நடுவே ராணி அறை கட்டத் தொடங்கும், அதையே வளரவிடலாம். கட்டாவிடில் பொறுத்திருக்க.

வேலைக்கார ஈ முட்டையிடும் கூடு புதிய ராணியை எளிதில் ஏற்பதில்லை. அதை மாலை வேளையில், சிறு துளைகளிட்ட செய்தித்தாளை இடையே வைத்து, ராணியுள்ள பலமான கூட்டோடு சேர்த்துவிடுவதே லாபம். வித்துத் தீர்ந்த ராணியுள்ள கூட்டையும் இவ்வாறே சேர்க்கலாம். அந்த ராணியை முன்னதாக அகற்றிவிட வேண்டும்.