உணவு முத்திரையும் பரிசோதகரும்: ஒரு சமூகவியல் நோக்கு

அரசு வறியோருக்கு உணவு வழங்குவதை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுவர். எவ்வளவு வழங்கப்பட்டது, எவருக்கு வழங்கப்பட்டது என்பனவே அவை. வழங்கப்பட்டது எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதைக் கண்காணிப்பதற்கென அரசு சம்பளங் கொடுத்து அமர்த்தியுள்ள மனிதர் அதிகம் பேசப்படுவதில்லை. எனினும், ஒரு நலன்புரித் திட்டத்தின் வர்க்கக் குணாம்சத்தை அதன் சட்டவாசகங்களிலும் பார்க்க அதன் பரிசோதகரின் அன்றாட வேலையிலே தெளிவாகக் காணலாம் என்பது எமது கருத்தாகும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு முத்திரைத் திட்டத்தையும் அதன் கடைப் பரிசோதகரையும் இக்கட்டுரையில் முதன்மையாக எடுத்துக்கொள்கின்றோம். அதே பெயருடைய திட்டமொன்று 1979 இல் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தமையால், இறுதியில் எமது நாட்டையும் சிறிது நோக்குவோம்.

முதலாவது உணவு முத்திரைத் திட்டம் 1939 மே மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் ஆரம்பமாயிற்று. அது பெருமந்தத்தின் கடைக்கூறு. ஒருபுறம் விலைபோகாத விளைபொருள்கள் பண்ணைகளிலே தேங்கிக் கிடந்தன. மறுபுறம் நகரத்துத் தொழிலாளர் வேலையின்றியும் போதிய உணவின்றியும் இருந்தனர். இவ்விரண்டையும் இணைப்பதற்கு விவசாயத் திணைக்களம் கண்ட வழி விசித்திரமானது. உதவி பெறுவோர் தாம் வழக்கமாக உணவுக்குச் செலவிடும் தொகைக்குச் செம்மஞ்சள் நிற முத்திரைகளை விலைகொடுத்து வாங்கவேண்டும். அவ்வாறு வாங்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் பெறுமதியான நீல முத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். செம்மஞ்சள் முத்திரைக்கு எவ்வுணவையும் பெறலாம்; நீல முத்திரைக்கோ மிகையெனத் திணைக்களம் அறிவித்த பொருள்களை மாத்திரமே பெறலாம். ஆக, நீல முத்திரையின் எல்லையை வகுத்தது பசித்தவரின் தேவையன்று, சந்தையின் தேக்கமே. இத்திட்டம் இன்றும் விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பிலேயே இருப்பது அதன் பிறப்பு அடையாளம் எனலாம்.

மே மாதத்தில் தொடங்கிய திட்டத்தின் விதிகளை மீறிய முதலாவது கடைக்காரர் ஒக்ரோபரிலேயே அகப்பட்டுவிட்டார். முத்திரைக்கும் அதன் பரிசோதகருக்கும் வயது வித்தியாசம் ஐந்து மாதந்தான். இது தற்செயலன்று.

திட்டத்தின் பிற்கால வரலாறு யாவரும் அறிந்ததே. 1943 இல் அது நிறுத்தப்பட்டது. 1961 இல் பரீட்சார்த்தமாக மீண்டும் தொடங்கி, 1964 இல் சட்டமாயிற்று. முத்திரையை விலைகொடுத்து வாங்கவேண்டும் என்ற நிபந்தனை 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. 2004 அளவில் கடதாசி முத்திரையின் இடத்தை நாடு முழுவதும் இலத்திரனியல் அட்டை பிடித்துக்கொண்டது. 2008 இல் பெயரும் மாறியது. 2023 ஆம் நிதியாண்டில் மாதமொன்றுக்குச் சராசரியாக 4 கோடியே 20 இலட்சம் பேர் வரையில் இவ்வுதவியைப் பெற்றனர். உலகின் செல்வம் மிக்க நாட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்னும் விகிதம் இது.

இனி எமது பொருளுக்கு வருவோம். பணம் என்பது எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான சமதையாய் நிற்பது. எதனையும் வாங்கும் ஆற்றலே அதன் இயல்பு. உணவு முத்திரையோ பணத்தின் தொகையைக் கொண்டது, ஆனால் பணத்தின் இயல்பு அதனிடமிருந்து பறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கொண்டு மாவும் பாலும் வாங்கலாம். சவர்க்காரம் வாங்க இயலாது. குழந்தையின் பால்மா வாங்கலாம். அதே குழந்தைக்கு அணையாடை வாங்க இயலாது. மருந்து வாங்க இயலாது. உணவுப் பயிரின் விதையும் நாற்றும் வாங்கலாம் என்பது விதிகளிலுள்ள ஓர் அழகிய விலக்கு. கடையிலே சுட்டு வைத்திருக்கும் கோழியைச் சூடாக இருக்கும்போது வாங்குவது பொதுவிதிப்படி கூடாது. ஆறவைத்து விற்றால் வாங்கலாம். இவ்விதியைக் கேட்டுச் சிரிப்பவர்கள், சமைப்பதற்கு அடுப்பில்லாத அறையில் வாழ்பவரை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பணமாக இருந்தும் பணமாகக் கூடாத ஒன்று, சந்தையிலே புழங்கும் ஒவ்வொரு கணமும் மீண்டும் பணமாகிவிடவே முனையும். அதனைத் தடுத்து நிறுத்துவதே பரிசோதகரின் தொழில்.

அத்தொழில் நடைபெறும் விதம் பின்வருமாறு. பரிசோதகர் உதவி பெறும் ஒருவரைப் போன்று, அரசு வழங்கிய அட்டையுடன் அங்கீகாரம் பெற்ற கடையொன்றுக்குள் நுழைகின்றார். சில உணவுப் பொருள்களை எடுக்கின்றார். அவற்றோடு விலக்கப்பட்ட பொருளொன்றையும் சேர்த்து வைக்கின்றார். பெரும்பாலும் அது சவர்க்காரம், கடதாசிச் சாமான் போன்ற அற்ப பொருளாகவே இருக்கும். காசாளர் அதனையும் அட்டையிற் கழித்துவிட்டால் ஒரு மீறல் பதிவாகின்றது. மறுத்துவிட்டால் அதுவும் பதிவாகின்றது. ஒருமுறையோடு முடிவதில்லை. வேறு நாள்களில் மீண்டும் செல்வார். பொருளின் பாரதூரம் படிப்படியாகக் கூடும். இறுதியில் அட்டையிலுள்ள தொகைக்குக் காசு தருவீர்களா எனக் கேட்கவுங் கூடும். திகதி, நேரம், பொருள், விலை, காசாளரின் அங்க அடையாளம் யாவும் அறிக்கையில் இடம்பெறும். பின்னர் ஒருநாள் கடைக்காரருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வரும். பத்து நாள்களுக்குள் அவர் மறுமொழி கூறவேண்டும்.

தண்டனை, குற்றத்தின் தன்மைக்கேற்பத் திட்டத்திலிருந்து ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை விலக்கப்படுதல். காசுக்கு மாற்றியமை நிறுவப்பட்டால், முதன்முறையிலேயே நிரந்தர விலக்கு விதிக்கப்படலாம். இவ்விடத்தில் ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். தற்காலிக விலக்கின்போது, அக்கடை இல்லாவிடின் அப்பகுதி மக்கள் இடர்ப்படுவர் எனக் காட்டப்பட்டால், விலக்குக்குப் பதிலாகத் தண்டப்பணம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிரந்தர விலக்குக்கோ அந்த இரக்கம் இல்லை. வேறு கடையற்ற ஒரு வறிய குடியிருப்பில் இருந்த ஒரே கடை அட்டையை ஏற்கும் உரிமையை இழக்குமாயின், தண்டிக்கப்படுவது கடைக்காரர் மாத்திரமல்லர்.

எமது வாசகர்கள் எழுபதுகளின் விலைக் கட்டுப்பாட்டுப் பரிசோதகரை நினைவுகூரக்கூடும். அவரும் மாறுவேடத்திற் பொருள் வாங்கியதுண்டு. ஆயினும் அவரது கண், கோட்பாட்டளவிலேனும், பதுக்கிய வியாபாரியை நோக்கியிருந்தது. 1836 இல் மேடையேறிய கோகோலின் ‘அரசாங்கப் பரிசோதகர்’ நாடகத்தில் நகரபிதா முதல் நீதிபதி வரை அதிகார வர்க்கம் முழுவதுமே பரிசோதகர் வருகின்றார் என்ற செய்தியைக் கேட்டு நடுங்குகின்றது. அங்கதத்தின் வலிமை அங்கேதான் இருக்கின்றது. மேலே உள்ளவர் அஞ்சும் பரிசோதகர் இலக்கியத்தில் வாழ்கின்றார். கீழே உள்ளவர் அஞ்சும் பரிசோதகர் சம்பளப் பட்டியலில் வாழ்கின்றார்.

முத்திரையைக் காசாக்கும் வியாபாரத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. அதன் பொறிமுறையை விளங்கிக்கொள்ள விரும்புகின்றோம். அட்டையில் 100 டொலர் உள்ள ஒருவர் அதனைக் கடைக்காரரிடம் கொடுத்து ஏறத்தாழ 50 டொலரைக் காசாகப் பெறுகின்றார்; கடைக்காரர் 100 டொலருக்குப் பண்டம் விற்றதாகப் பதிந்து முழுத் தொகையையும் அரசிடம் பெறுகின்றார். பாதிப் பெறுமதியை இழக்க ஒருவர் ஏன் உடன்படுகின்றார்? வீட்டு வாடகைக்கு முத்திரை செல்லாது, மின்கட்டணத்துக்குச் செல்லாது, வேலைக்குப் போகும் பேருந்துக்குச் செல்லாது. இழந்த 50 டொலர், பணத்திலிருந்து பறிக்கப்பட்ட பொதுமையை மீட்பதற்கு அவர் கொடுத்த விலை. அவ்விலையைச் சுருட்டிக்கொள்பவர் சுரண்டற்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சுரண்டலுக்கான இடைவெளியைத் திறந்துவிட்டது விதியே.

அதன் பரிமாணத்தையும் காண்போம். விவசாயத் திணைக்களத்தின் மதிப்பீட்டின்படி, 1993 இல் டொலரொன்றுக்கு ஏறத்தாழ 3.8 சதம் இவ்வாறு திசைமாறியது. 2012 முதல் 2014 வரையான காலப்பகுதியில் இது 1.5 சதம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கோடி டொலர். இதன் பெரும்பகுதி சிறு கடைகளில் நிகழ்வது. முத்திரைத் தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டதைப் பெற்றுக்கொள்ளும் பேரங்காடிகளிலோ இக்குற்றம் மிக அரிது. ஆகவே பரிசோதகரின் கால்கள் வறியவர்களின் தெருவோரக் கடையை நோக்கியே நடக்கின்றன. குடியேறி வந்த குடும்பங்கள் நாள் முழுதும் நின்று நடத்தும் கடைகள் அவற்றுட் பல.

பேரங்காடி சட்டத்தை மீறவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இங்கே மனங்கொள்ளவேண்டியது. காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2020 இல் வெளியிட்ட அறிக்கை, உழைத்துக்கொண்டே இவ்வுதவியைப் பெறும் வளர்ந்தோருள் பத்தில் ஏழு பேர் வரையில் முழுநேர வேலை செய்வோர் எனக் காட்டியது. தகவல் தந்த மாநிலங்களில் அவர்களை வேலைக்கு வைத்திருந்தோருள் வோல்மார்ட் நிறுவனம் முன்னணியில் நின்றது. அந்நிறுவனமே முத்திரைகளைப் பெரிதும் பெற்றுக்கொள்ளும் வணிகமுமாகும். உழைப்புச் சக்தியை மறுவுற்பத்தி செய்வதற்குப் போதாத கூலியை ஒரு கையாற் கொடுத்து, அக்குறையை நிரப்ப அரசு கொடுக்கும் முத்திரையை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் விதிமீறல் எதுவும் இல்லை. கூலி ஏன் போதவில்லை எனக் கேட்கும் அதிகாரம் எந்தப் பரிசோதகருக்கும் வழங்கப்படவில்லை; சவர்க்காரம் ஏன் பைக்குள் போயிற்று எனக் கேட்கும் அதிகாரமே வழங்கப்பட்டுள்ளது.

பரிசோதகரை வில்லனாகச் சித்திரிப்பது எளிது. முற்போக்கு எழுத்திலே அது ஒரு வாய்பாடாகவும் ஆகிவிட்டது. அதனோடு நாம் உடன்படவில்லை. அவரும் உழைப்பை விற்று வாழ்பவரே. வறியவரின் உணவைப் பாதியாக்கும் தரகரைப் பிடிக்கும்போது அவர் செய்வது வேண்டத்தக்க வேலை. ஆனால் அதே படிவத்தில், அதே கையெழுத்தில், மனமிரங்கி ஒரு சவர்க்காரக் கட்டியை அனுமதித்த காசாளரையும் அவர் பதிய நேர்கின்றது. இவ்விருவரையும் வேறுபடுத்தத் தண்டனையின் அளவு இருக்கின்றது. ‘ஏன்’ என்ற வினாவுக்கு இடமில்லை. மேலும், கடதாசி மறைந்து அட்டை வந்தபின் பரிசோதகரின் கண்ணையே கணினி பதிலீடு செய்து வருகின்றது. சிறு கடையில் பெருந்தொகை, ஒரே அட்டையில் அடுத்தடுத்த கொடுக்கல் வாங்கல், முழு எண்ணில் முடியும் தொகை ஆகியவற்றைப் பொறி தேடியெடுக்கின்றது. கடைக்குள் காலடி வைத்த மனிதர் ஒருவேளை கண்டிருக்கக்கூடிய அந்த ‘ஏன்’ பொறிக்கு ஒருபோதும் புலப்படாது.

இலங்கைக்கு வருவோம். எம்மிடையே சோதனை நடப்பது கடையிலன்று, வீட்டு வாசலிலே. 2023 இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும உதவி பணமாகவே வங்கிக் கணக்குக்குச் செல்வது. ஆயின் அதனைப் பெறுமுன் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பம் அளக்கப்பட்டது. வீடு, சொத்து, மின்சாரப் பாவனை எல்லாம் வினவப்பட்டன. இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் எழுந்தன.

இவ்வளத்தலின் தொடக்கத்தை 1978 இற் காணலாம். 1942 இலிருந்து சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்துவந்த பங்கீட்டு அரிசி, ஏறத்தாழ எல்லாருக்கும் உரிய உரிமையாக வளர்ந்திருந்தது. அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கம் 1953 ஓகஸ்ற் ஹர்த்தாலைச் சந்தித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்ரோபரில் பதவி விலகினார். 1978 இலோ மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களோடு பங்கீடு மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்ரெம்பரில் அதன் இடத்தில் உணவு முத்திரை வந்தது: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபா, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா. அரிசியின் அளவு நிச்சயமாயிருந்த இடத்தில் ரூபாவின் அளவு நிச்சயமாயிற்று. விலைகள் ஏற, சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாவைத் திருடக் கடைக்காரர் வேண்டியிருக்கவில்லை. பணவீக்கம் அதனைச் சட்டபூர்வமாகவே செய்து முடித்தது.

வருமானத்தைக் குடும்பத்தவரே எழுதிக்கொடுக்கவேண்டும். கமஞ்செய்பவரும் கூலிவேலை செய்பவரும் சிறு வியாபாரியும் தமது வருமானத்தைத் தாமே கூறினர். அதனைச் சரிபார்க்க எவரிடமும் ஏடு இருக்கவில்லை. நாட்டிலே ஒரு பிரிவினருக்கு மாத்திரம் ஏடு இருந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் ஒவ்வொரு நாளும் செக்ரோலில் இருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் கொழுந்தெடுத்தோ கவ்வாத்து வெட்டியோ பெற்ற கூலி ஒன்றாகக் கூட்டப்பட்டபோது, 300 ரூபா என்ற கோட்டைத் தாண்டிய குடும்பங்கள் பல. போசாக்கின்மையால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்த அம்மக்கள், முத்திரை பெற்றோருள் தமது வறுமைக்கு ஏற்ற பங்கைப் பெறவில்லை. அவர்களைச் சோதிக்க எப்பரிசோதகரும் மலையேறத் தேவைப்படவில்லை. கொழுந்து நிறை குறைந்த நாளில் முழுப்பேரை அரைப்பேராக வெட்டிய அதே ஏடு, அவர்களுக்கு வருமானம் இருக்கின்றது என்பதற்கும் சாட்சியாக அலுவலகத்து மேசையில் விரிந்து கிடந்தது.