கைக்கடிகாரத்தின் விலையும் காலத்தின் மதிப்பும்

காலம் பொன் போன்றது என்பர் நம் முன்னோர். இன்றோ, காலத்தைக் காட்டும் கருவி பொன்னையும் விஞ்சி நிற்கின்றது!

1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, ஜப்பானிய சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று அதன் விலை 4,50,000 யென். ஏறத்தாழ ஒரு சிறு காரின் விலை. ஆயினும் விரைவிலேயே குவார்ட்ஸ் மலிந்தது. சாவி கொடுத்து இயங்கும் சுவிஸ் கடிகாரங்களைவிட அது துல்லியமாகவும் நேரம் காட்டியது. சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். எஞ்சிய நிறுவனங்கள் பல, கடிகாரத்தைக் கருவியாக அன்றி, அந்தஸ்தைக் காட்டும் அணிகலனாக விற்கத் தலைப்பட்டன. விலையேற்றத்தின் வேர் இதுவே.

1960-களில் ரோலெக்ஸ் 'டேடோனா' எஃகுக் கடிகாரம் இருநூறு டாலருக்குச் சற்று மேல் விற்றது. இன்று கடை விலையே 15,000 டாலருக்கு மேல். பணவீக்கத்தைக் கணக்கிட்டாலும் இது பன்மடங்கு உயர்வாகும்.

கார்ப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்ட நடிகர் பால் நியூமனுக்கு அவருடைய மனைவி அத்தகைய கடிகாரமொன்றைப் பரிசளித்தார். கவனமாக ஓட்டும்படி அதன் பின்புறத்தில் பொறித்தும் கொடுத்தார். 1984-இல் நியூமன் அதைத் தம் மகளின் நண்பருக்கு மனமுவந்து வழங்கிவிட்டார். 2017-இல் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று!

அப்பெருந்தொகையும் அந்த மனைவியின் அக்கறைக்கு ஈடாகுமோ? எளிய கடிகாரமாயினும் கோடி பெறும் கடிகாரமாயினும், நாளொன்றுக்குக் காட்டுவது இறைவன் அளித்த இருபத்துநான்கு மணி நேரமே. அதில் நம் இல்லத்தாரோடு கூடி அமர்ந்து செபிக்க எத்தனை நிமிடம் ஒதுக்குகின்றோம்?