சிந்தாதிரிப்பேட்டை மொட்டை மாடிக்கு எத்தனை அங்குலம் போதும்?

ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சிந்தாதிரிப்பேட்டையின் நெருக்கமான தெருக்களில் பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். அதில் வெயில் படுவதே அபூர்வம். சுவருக்கு வெப்பத்தடுப்பு வேண்டாம். செலவழிக்க வேண்டிய இடம் மொட்டை மாடி.

1734-ல் நெசவாளர்களுக்காக உருவான இந்தப் பேட்டையின் பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் இருந்தது: தேக்குக் கட்டைகள், மேலே நிறுத்தி அடுக்கிய செங்கல், சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், தட்டோடு. கனத்த அந்தத் தளம் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விட்டது. அதன் இடத்தில் வந்த நான்கு அங்குல கான்கிரீட்டின் கீழே, இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனலையே இறக்குகிறது.

கான்கிரீட்டும் ஜல்லித் தளமும் மட்டும் உள்ள கூரை வழியே இறங்கும் வெப்பத்தை 100 என்று கொள்வோம். ஒரு அங்குல ஃபோம் பலகை பதித்தால் அது சுமார் 35 ஆகும். இரண்டாவது அங்குலத்தில் 21, மூன்றாவதில் 15. பலகையின் விலையோ அங்குலத்துக்கு அங்குலம் ஏறும். புதிய குடியிருப்புகளுக்காக 2018-ல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற மின்சிக்கன விதித்தொகுப்பு கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வைத்த வரம்பு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட். முதல் அங்குலத்திலேயே அதற்குள் வந்துவிடலாம். மூன்றாவது அங்குலம் வீண்செலவு. ஒழுகும் தளத்தை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். ஈரத்தின் மேல் பலகை பதிப்பது கூரையையே கெடுக்கும்.

ஏசி ஓடும் வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. இரண்டு மாதக் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணமும் போய்விடும். அந்தக் கோட்டையொட்டி நிற்கும் குடும்பத்துக்குப் பலகை சீக்கிரமே காசைத் திருப்பித் தரும். ஏசி இல்லாத வீட்டில் வெயிலைத் தளத்திலேயே திருப்பியனுப்புவது மேல்: வெள்ளைச் சுண்ணாம்பு, முடிந்தால் கூல் ரூஃப் பெயிண்ட். ஃபோம் பலகை, இரவில் கூரை வழியாக வீடு ஆறுவதையும் தடுக்கும்.

ஆனால் மேல்மாடியில் பெரும்பாலும் வாடகைக்காரர்தான் இருக்கிறார். வேகிறவர் அவர், தளமோ வீட்டுக்காரருடையது. 2023-ல் தெலங்கானா குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. 2024-ல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வாடகைக்கு விடும் மேல்தளத்துக்கு வெள்ளை பூசித் தருவதை வீட்டுக்காரரின் கடமையாக்கும் விதி இங்கே வர வேண்டும். பூசுகிறவருக்குச் சொத்து வரியில் கொஞ்சம் குறைத்தாலும் தகும்.