யானைக்கால்: நான்காம் நிலைக்கு முன்பே வர வேண்டிய உதவி

நடவு தொடங்கிப் பத்து நாளானால் போதும். டெல்டாவின் எந்தக் காலனித் தெருவிலும் சாயங்காலம் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேற்றுப்புண். மருதாணியை அரைத்து வைப்பார்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். மறுநாள் விடிந்ததும் அதே காலோடு வயலில் இறங்குவார்கள். அதை நோய் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. வேலையோடு வந்தது, வேலை முடிந்தால் போய்விடும்.

யானைக்கால் வந்தவருக்கு அது அப்படிப் போவதில்லை. விரல் இடுக்கில் விழுந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. குளிர் காய்ச்சல் தூக்கிப் போடுகிறது. கால் சிவந்து, தொட முடியாதபடி வலிக்கிறது. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், ஆனால் வீக்கம் முன்பு இருந்த அளவுக்கு இறங்காது. ஒவ்வொரு காய்ச்சலும் காலின் பருமனைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் போகும். காலைப் பெரிதாக்குவது புழு என்றுதான் பலரும் நினைக்கிறோம். புழு தொடங்கி வைத்ததை வளர்த்துக்கொண்டே போவது பெரும்பாலும் இந்தப் புண்ணும் காய்ச்சலும்தான். மாற்றுத்திறனாளிகளின் மருத்துவ உரிமை பற்றிப் பேசும்போது சக்கர நாற்காலி, சாய்தளம் என்று பேச்சு போய்விடுகிறது. அவை வேண்டும்தான். ஆனால் சேற்றில் நின்று நடவு நடும் தலித் பெண்ணின் வீங்கிய கால் அந்தப் பேச்சில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கும்பகோணம் என்றால் வெற்றிலை, பாத்திரம், டிகிரி காபி என்று அடுக்குகிறவர்கள் ஒரு காலத்தில் யானைக்காலையும் சேர்த்தே சொன்னார்கள், அதுவும் கேலியாக. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றுமே இந்நோய் வேரூன்றியிருந்த மாவட்டங்கள். நோய் சாதி பார்த்து வந்ததில்லை. நோயைச் சுமந்து செல்லும் க்யூலெக்ஸ் கொசு, வயலில் ஓடும் தண்ணீரைவிடத் தேங்கிய சாக்கடையையும் செப்டிக் டேங்கையும்தான் விரும்புகிறது. அக்ரஹாரத்திலும் அது கடித்தது, கடைத்தெருவிலும் கடித்தது. வந்த நோயோடு ஒருவர் எப்படி வாழ முடிகிறது என்பதில்தான் சாதி உள்ளே நுழைகிறது.

மாணவர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி. கொசு ஒரு நோயைச் சுமக்கும் என்பது முதன்முதலில் தெரியவந்தது இந்த நோயில்தான். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், யானைக்கால் கிருமி ரத்தத்தில் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி விட்டு, அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். மலேரியாவில் ரொனால்ட் ராஸ் கொசுவைக் கையும் களவுமாகப் பிடிக்க அதன்பின் 20 ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்தவரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உடம்பைக் கொடுத்தவர் தோட்டக்காரராகவே நின்றுவிட்டார்.

இந்தியாவில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் வந்தது. நுண்புழுக்கள் இரவில்தான் மேல்தோல் ரத்தத்துக்கு வரும் என்பதால், ராத்திரி வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தவர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 முதல் நாடு தழுவிய திட்டமாக, ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டிஇசி மாத்திரை கொடுக்கப்பட்டது. பிறகு அதோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது. ரத்தத்தில் இருக்கும் நுண்புழுக்களை அழித்து, அடுத்தவருக்குப் பரவாமல் தடுப்பது இதன் நோக்கம். தமிழ்நாடு இதில் நன்றாகவே செய்தது என்று தாராளமாகச் சொல்லலாம். இன்று டெல்டாவில் பத்து வயதுப் பிள்ளைக்குப் புதிதாக இந்த நோய் வரும் என்ற பயம் அநேகமாக இல்லை.

ஆனால் அந்த மாத்திரையால் ஏற்கெனவே கெட்டுப்போன நிணநீர்க் குழாய்களைச் சரிசெய்ய முடியாது. வீங்கிய கால் வீங்கியதுதான். நாட்டிலிருந்து இந்நோயை 2027-க்குள் ஒழிப்பது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் பரவல் நின்றுவிட்டது என்று அறிவிக்கும்போது நமக்கு மகிழ்ச்சி. அந்த அறிவிப்போடு யானைக்கால் என்ற சொல்லே கோப்பிலிருந்து எடுபட்டுவிடுமோ என்பதுதான் கவலை. நோய் போன பிறகும் நோயாளி இருக்கிறார். அவர் பெரும்பாலும் வயது ஏறியவர், இன்னும் கூலி வேலைக்குப் போகிறவர்.

இலங்கையை இந்த இடத்தில் பார்க்கலாம். 1947 முதலே யானைக்கால் ஒழிப்புக்கென்று அங்கே தனி இயக்கம் இருக்கிறது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று சான்றளித்தது. அந்தச் சான்றைப் பெறப் பரவல் நின்றால் மட்டும் போதாது. ஏற்கெனவே நோய் வந்தவர்கள் இருக்கும் பகுதிகளில் எல்லாம் அவர்களுக்கான பராமரிப்பு கிடைக்கிறது என்றும் காட்டியாக வேண்டும். இந்தியாவும் நாளை அதே சான்றுக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறது.

வாளி, சோப்பு, துண்டு

அந்தப் பராமரிப்பு என்ன? கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். தினமும் ஒரு முறை, முடிந்தால் இரு முறை, சுத்தமான பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவ வேண்டும். விரல் இடுக்கும் தோல் மடிப்பும்தான் முக்கியம். மெல்லிய துணியால், தேய்க்காமல், ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குரிய களிம்பு போட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காற்றோட்டமான, இறுக்காத செருப்புப் போட வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டால் ஓய்வெடுத்து, காலில் குளிர்ந்த ஈரத்துணி போட்டுக்கொண்டு, மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது, பிளேடால் கீறுவது கூடவே கூடாது. தொடர்ந்து இப்படிச் செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது, வீக்கம் ஏறாமல் நிற்கிறது. இதற்கென்று தேசியத் திட்டத்திலேயே ஒரு தொகுப்பு உண்டு: தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு.

இனி இந்த எளிய பட்டியலை ஒரு தொகுப்பு வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம்.

சுத்தமான தண்ணீர் வேண்டும். தெருக்குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். மிச்சத்துக்கு அடிபம்பு, அல்லது வாய்க்கால். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலங்களில் அந்த வாய்க்கால் எப்படிக் கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தலித் தெருவின் தண்ணீர் எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், அம்மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்த செய்திக்கு மேல் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

கழுவ மறைவான இடம் வேண்டும். குளியலறை இல்லாத வீட்டில், எப்போதும் புடவைக்குள் மறைத்தே வைத்திருக்கும் காலை ஒரு பெண் தெருவில் நீட்டிக் கழுவுவாரா? ஆண்களுக்கு இன்னொரு மறைப்பு. இதே புழுவால் வரும் விரைவீக்கத்தை, ஓதம் என்று நம் பக்கம் சொல்வதை, வேட்டிக்குள் வைத்துக்கொண்டே ஆயுள் முழுக்கக் கழித்தவர்கள் உண்டு. அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம், அரசு மருத்துவமனையில் செலவில்லாமலே செய்துகொள்ளலாம். வெட்கத்தை விட்டு ஒருவர் போய்விட்டு வந்தால் தெருவில் நாலு பேர் பின்னாலேயே போவார்கள்.

காலை உயர்த்தி வைக்கக் கட்டில் வேண்டும், அதைப் போட இடம் வேண்டும். காய்ச்சலுக்கு ஓய்வு என்றால் அத்தனை நாள் கூலி போக வேண்டும், அதுவும் நடவுக் கூலி. வருடத்தில் கையில் காசு புழங்கும் சில வாரங்களில் ஒன்று அது.

செருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் இந்தப் பொருளை, தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகள் ஊர்த்தெருவில் காலில் போட முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு போன காலம் ஏதோ முந்தைய யுகமல்ல. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் சுமார் 60 தலித்துகள் ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில். வெறுங்காலில் நடப்பது நமக்குப் பழக்கம் என்று சொல்லும் பாட்டிமார்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் எந்தக் காலை எண்ணுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆயின. அதன் 25-ஆவது பிரிவு மருத்துவம் பற்றியது. அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், அரசு அறிவிக்கும் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச சிகிச்சை, மருத்துவமனையின் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போகும் வசதி, பார்ப்பதில் முன்னுரிமை என்கிறது அது. நல்ல சட்டம்.

அந்த 21-ல் யானைக்கால் என்ற பெயர் இல்லை. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் இருக்கிறார்கள், தலசீமியா இருக்கிறது. இயக்கக் குறைபாட்டுக்குச் சட்டம் சொல்லும் இலக்கணமோ எலும்பு, தசை, நரம்பு மண்டலப் பாதிப்பைத்தான் பேசுகிறது. யானைக்கால் பிடித்திருப்பது நிணநீர்க் குழாயை. ஆக, பேருந்துப் படியில் காலைத் தூக்கி வைக்க இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கும் ஒருவர், சட்டப் புத்தகத்தின் வரிக்குள் சுலபமாக நுழைய முடிவதில்லை. உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களில், நடமாட்டம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து இவர்களுக்கும் மாற்றுத்திறனாளி சான்று கொடுக்கிறார்கள். வேறு குறைபாடுகளையும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டத்தின் அட்டவணையே இடம் வைத்திருக்கிறது. யானைக்கால் என்ற சொல்லை அங்கே சேர்க்கச் சொல்லித் தமிழ்நாடு கேட்கலாம். கும்பகோணத்தை வைத்திருக்கும் மாநிலம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தமிழக அரசு நான்காம் நிலை யானைக்கால் நோயாளிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. இதை மறுக்கவோ குறைத்துச் சொல்லவோ வேண்டாம். அதே சமயம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவி 2,000 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொகையைவிட உறுத்துவது அந்த நான்காம் நிலை. வீக்கம் காலையில் குறைந்து மாலையில் ஏறும் முதல் நிலையிலும், தோல் தடிக்கத் தொடங்கும் அடுத்த நிலைகளிலும்தான் சோப்பும் தண்ணீரும் ஓய்வும் பலன் தரும். அப்போது உதவித்தொகை இல்லை. கால் திரும்ப முடியாத அளவுக்குப் போன பிறகு காசு வருகிறது. நடவுக் காலத்தில் காய்ச்சலில் படுக்கும் நாலைந்து நாள் கூலியை இரண்டாம் நிலையிலேயே ஈடுகட்டினால், நான்காம் நிலைக்குப் போகிறவர் எண்ணிக்கையே குறையும். அரசுக்கும் அது நஷ்டமல்ல.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். அதே கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர், பிரிக்கப்படாத நாகப்பட்டினத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே சட்டம் சொல்லும் 'அருகில்' என்ற சொல்லை டெல்டாவில் காலனியிலிருந்துதான் அளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் பெரும்பாலும் ஊரிலோ மெயின் ரோட்டிலோ இருக்கிறது. இடையில் வயல், வாய்க்கால், கைப்பிடி இல்லாத பாலம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லது. படி உயரம் குறையவில்லை, பஸ் காலனிக்குள் வருவதும் இல்லை.

வீட்டுக்கே வரும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கு வருகின்றன. இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். அந்தப் பையில் சோப்பும் களிம்பும் ஏறினால், வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை காலைக் கழுவிக் காட்டினால், பாதி வேலை முடிந்தது. காட்டுவது முக்கியம். தன் காலை இன்னொருவர் கூசாமல் தொடுவதை அந்த நோயாளி வருடக்கணக்கில் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டில் யாருக்காவது இப்படிக் கால் இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, யானைக்கால் நோயாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த நிலை என்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கால் பராமரிப்புத் தொகுப்பைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம் நடந்தால், இது வேறு நோய் என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாமல் போய் மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படிக்கும் பிள்ளைகள் இதை எழுதிக்கொடுக்கலாம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். காலனியின் தேங்கிய சாக்கடைக்கு வடிகால், செப்டிக் டேங்க் குழாய் வாயில் கொசுவலை, நோயாளி வீட்டுக்குத் தனிக் குழாய் இணைப்பு ஆகிய மூன்றையும் அன்றைக்குத் தீர்மானமாக எழுத வைக்கலாம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த இடத்தில் உட்காருகிறவர் இந்தத் தீர்மானத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பேசலாம்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. கடையில் செருப்பு ஜோடியாகத்தான் விற்கிறார்கள், இரண்டும் ஒரே அளவில். ஒரு கால் ஏழாம் நம்பர், மற்றது எந்த நம்பரிலும் அடங்காதது என்றால் அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும். தொழுநோய்த் திட்டத்தில் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் இலவசமாகத் தரப்படுகின்றன, தைக்கும் கைகளும் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. அதே ரப்பரில், வார் அகலமாக, முன்பக்கம் திறந்து கட்டும்படி யானைக்காலுக்கும் ஒரு செருப்பை ஒன்றியத்துக்கு ஒருவரிடம் அளவு கொடுத்துத் தைத்துத் தர உத்தரவிடுவது மாவட்ட ஆட்சியர் மட்டத்திலேயே முடியக்கூடிய காரியம். குறுவை நடவுக்கு முன்பே தைத்துக் கொடுத்துவிட்டால், வயலில் இல்லாவிட்டாலும் வரப்பு ஏறி வீடு திரும்பும் வழியிலாவது அந்தக் கால் மண்ணில் படாது.